மைக் அக்காவின் மூன்று சாட்சிகள்

அந்தப் பேருந்து நிலையத்தில் மைக் அக்காவின் குரல் படாத மூலை கிடையாது. கழிப்பறைக்குள் உட்கார்ந்திருப்பவனையும் அது விடாது. "ஏழாவது மேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று கேட்டதும் அவன் பாதியில் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவான்.

ஆரம்பத்தில் அவளுக்கும் மைக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பயணிகள் விட்டுவிட்டுப் போகும் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில்தான் வேலை. ஒரு நாள் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. எந்த வண்டி எங்கே போகிறது என்று தெரியாமல் கூட்டம் அல்லாடியது. நிலையத்து மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா மூட்டை அறையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டாள். அதன்மேல் ஏறி நின்று ஒவ்வொரு வண்டியாகக் கத்த ஆரம்பித்தாள். தொண்டை கட்டவில்லை, மூச்சு வாங்கவில்லை. ஒலிபெருக்கி சரியான பிறகும் அவளை மூட்டைகளிடம் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

"இந்தம்மாவுக்கு மைக்கு எதுக்குய்யா? மைக்குக்குத்தான் இந்தம்மா வேணும்," என்றார் மேனேஜர்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அக்காவின் குரலையே பதிவு செய்து உள்ளே போட்டுவிட்டார்கள். நேரம் வந்ததும் அது தானாகப் பேசும். பதிவு நடந்தபோது ஒரு நாள் அவளுக்குச் சளி. அன்று பதிவான ஊருக்குப் போகும் வண்டி இன்றைக்கும் மூக்கடைத்த குரலில்தான் புறப்படும். அதில் போகிறவர்கள் அதற்குச் சளி வண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்ததும் அக்காவின் வேலை போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் விடுவாளா? அதை அமைக்க வந்த கம்ப்யூட்டர்காரரை நிழல் மாதிரி தொடர்ந்தாள். அவர் ஒரு கட்டளை அடித்தால், "இது எதுக்குங்க?" என்பாள். இன்னொன்று அடித்தால், "அப்ப அது எதுக்கு?" என்பாள். ஒரு வாரத்தில் மனிதர் சோர்ந்துபோய், "அக்கா, இனிமே இதுங்களை நீங்களே பார்த்துக்குங்க, என்னை விட்டுடுங்க," என்று கும்பிட்டார். அறிவிப்புக் கம்ப்யூட்டர் ஒன்று, வாசல் கம்ப்யூட்டர் ஒன்று. வெளியே போகும் ஒவ்வொரு வண்டியையும், அது வாசலைத் தாண்டிய நேரத்தையும் வாசல் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். இரண்டிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடியது. இரண்டுக்கும் அக்காதான் தாய்.

"இதுல முக்கியமானது மணி," என்று கம்ப்யூட்டர்காரர் சொல்லியிருந்தார். "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற மணி தானா விட்டா முன்னப் பின்ன நகரும். அதை இழுத்துப் பிடிக்கத்தான் க்ரோனின்னு ஒண்ணு உள்ள போட்டிருக்கேன். அது இன்டர்நெட் வழியா வெளியில சரியான மணி வச்சிருக்கிற சர்வர்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கும். அறிவிப்புக் கம்ப்யூட்டர் வெளியே கேட்கும். வாசல் கம்ப்யூட்டர் அறிவிப்புக் கம்ப்யூட்டரைக் கேட்கும். திரை மூலையில பச்சைப் புள்ளி இருந்தா கவலையில்ல. சிவப்பு வந்தா கேக்கறதுக்கு ஆளில்லைன்னு அர்த்தம்."

அதற்கு முன்பெல்லாம் அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. சுவர்க் கடிகாரத்தை இரண்டு நிமிடம் பின்னாலேயே வைத்திருப்பார்கள். மூச்சிரைக்க ஓடிவரும் ஜனங்களுக்கு அது ஒரு சலுகை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்ததால் எல்லோரும் இரண்டு நிமிடம் தாமதமாகவே கிளம்பினார்கள், அப்புறமும் ஓடித்தான் வந்தார்கள். கம்ப்யூட்டர் வந்த அன்றே அக்கா அந்தச் சலுகையை ஒழித்துவிட்டாள். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. கைபேசியில் ஒரு மணியும் நிலையத்தில் ஒரு மணியும் இருந்தால், "ஸ்டாண்டு மணி அப்படித்தான்பா, ஓடி வர்றவங்களுக்காக" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

டிரைவர்களும் நடத்துனர்களும் ஆளுக்கொரு மணி சொல்வார்கள். "என் போன்ல இன்னும் ஆகல", "என் போன்ல எப்பவோ ஆயிடுச்சு" என்று தினமும் சண்டை. மேனேஜர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "உங்க போன் மணியை உங்க வீட்டுல வச்சுக்குங்க. இங்க கம்ப்யூட்டர் மணிதான் மணி."

அந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்கு வெளியே சாலையைத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்தே தோண்டி எடுத்துவிட்டார்கள். திரையில் சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. கேபிளைச் சரிசெய்யச் சொல்லி எழுதிப் போட்டார்கள், ஆள் வரவில்லை. மேனேஜருக்கோ அந்தச் சிவப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அந்தப் புள்ளியை எப்படியாவது எடும்மா. யாராவது பார்த்தா என்னைத்தான் கேப்பாங்க."

கேட்பதற்கு ஆளில்லை என்றுதானே சிவப்பு? ஆளைக் கொடுத்தால் போயிற்று என்று அக்கா நினைத்தாள். பதில் சொல்லாத வெளி முகவரிகளை எடுத்துவிட்டு, அறிவிப்புக் கம்ப்யூட்டருக்கு வாசல் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்தாள். இதைச் செய்யக் க்ரோனியின் அமைப்பில் வேறு ஏதோ ஒரு வரியும் திருத்த வேண்டியிருந்தது. அதையும் கண்டுபிடித்துத் திருத்தினாள். பொட்டென்று பச்சை வந்தது. மேனேஜர் அவளுக்குத் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அதன் பிறகு யாராவது மணி பற்றி வாய் திறந்தால் அவள் இரண்டு திரைகளையும் காட்டுவாள். "பாரு, இங்க என்ன மணி? அங்க என்ன மணி? நொடி மாறுதா? ரெண்டு சாட்சி!" டிரைவர்கள் அப்போதும் முணுமுணுத்தால், கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டுவாள். "மூணாவது சாட்சி!"

அந்தப் போன் தானாக மணி பார்ப்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். வாரம் தவறாமல், வேலை தொடங்கும் நாளில், நிலையத்து மணியைப் பார்த்து அதைத் தன் கையாலேயே திருத்துவாள்.

"அம்மா, உன் போன் தப்பு," என்றாள் மகள் ஒரு நாள். மகள் மருந்துக் கடையில் கணக்குப் பார்க்கிறாள், வாய் அம்மாவின் வாய். "என் போனைப் பாரு."

"உன் போன் உன்னை மாதிரியே அவசரக்குடுக்கை. போடி."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஸ்டேஷன் பஸ் ஓட்டுகிறவர். காலையில் நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வண்டி அது. பக்கத்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதில்தான் போய் ரயிலைப் பிடிப்பார்கள். குலுக்காமல், முந்தாமல், ஒரே சீராக ஓட்டுவதால் சக டிரைவர்கள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. "ஆமை ஓட்டுற வண்டியில டீயைக் கையில வச்சுக் குடிக்கலாம். நீங்க ஓட்டுறதுல குடிச்ச டீ வெளிய வரும்," என்பார். பல வருஷமாக அந்த ஒரு வண்டி, அந்த ஒரு வழி. எந்தத் திருப்பத்தில் எந்தப் பயணி தூங்கி விழுவான் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

அந்த வண்டிமேல்தான் புகார் வர ஆரம்பித்தது. முதலில், ரயிலுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றார்கள். பிறகு, சில நாள் ரயில் போய்விடுகிறது என்றார்கள். கடைசியில் ரயிலைப் பிடித்த நாளே இல்லை என்று ஆனது. வாசல் கம்ப்யூட்டரைக் கேட்டால், வண்டி தினமும் சரியான நேரத்துக்கு வாசலைத் தாண்டியிருக்கிறது. அப்படியானால் நேரம் வழியில்தானே தொலைகிறது? டிரைவர் வழியில் வேண்டியவர்களை ஏற்றிக்கொள்ள நின்று நின்று போகிறார் என்று தலைமை அலுவலகம் முடிவு கட்டியது. விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. குற்றம் உறுதியானால் ஸ்டேஷன் பஸ்ஸை அவரிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். பணிமனையில் வண்டி கழுவும் இடத்தில், கழுவின வண்டியை எடுத்துக் கழுவாத வண்டியை விடும் வேலைதான் மிஞ்சும்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா ஆரம்பித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. வழியில எங்க நிக்கிறீங்க?"

"எங்கயும் நிக்கல."

"நிக்காம எப்படிங்க நேரம் போகும்? என் கம்ப்யூட்டர் ரெண்டும் நீங்க கரெக்டா கிளம்பினதாச் சொல்லுது."

"உன் கம்ப்யூட்டர் சொல்லுதுன்னா நான் என்ன செய்ய? நான் எப்பவும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டுறேன்."

"யாருக்காவது நிறுத்திக் குடுக்கறீங்களா? யாரு அது?"

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மா, அப்பா காதலிக்கிறாருன்னா அந்தப் பொம்பளை ஸ்டாப்ல காத்திருந்தே கிழவியாயிருப்பா. அப்பா வேகம் அப்படி."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். போகும்போது, "நாளைக்கு உனக்கு லீவுதானே? வண்டியில வந்து பாரேன்," என்றார். குரல் உயரவில்லை. அதுதான் அக்காவைக் குத்தியது. சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள்.

மறுநாள் காலை அவள் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள், கையில் போனோடு. அவளுடைய குரலே வண்டியை அனுப்பி வைத்தது. அதைக் கேட்டதும் நடத்துனர் குட்டி சிரித்தான். குட்டி என்று பேர்தானே தவிர, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம்.

"அக்கா, நீங்க இங்க இருக்கீங்க, நீங்களே அங்க கத்தறீங்க. அண்ணன் பாவம், எங்க போனாலும் தப்பிக்க முடியாது போல."

"நீ டிக்கெட்டைக் கிழி."

வண்டி கிளம்பியது. நிறுத்தத்தில் நின்றது, நிறுத்தமில்லாத இடத்தில் நிற்கவில்லை. ஒரு ஆள் சாலையோரம் கை காட்டினான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். பாலத்தில் கொஞ்சம் நெரிசல், அதுவும் வழக்கமான நெரிசல்தான். அவள் போனைப் பார்த்தாள். எல்லாம் நேரத்துக்குச் சரியாக இருந்தது. ரயிலுக்கு இன்னும் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது.

வண்டி ரயில் நிலையத்து வாசலில் நின்றபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

கதவு திறந்ததும் ஜனங்கள் கொட்டிய நெல்லிக்காய் மூட்டை மாதிரி சிதறி ஓடினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மட்டும் ஓடவில்லை. ஓடியும் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க வாங்க, வீட்டுக்காரரைக் காவல் காக்க வந்தீங்களா?" என்றாள் அக்காவைப் பார்த்து. "வார்டுல என்னை வாசல்லயே நிக்க வச்சுத் திட்டறாங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பதிலா நிஜமாவே ஒரு ஆமையை உட்கார வச்சாலும் வந்து சேந்திருக்கும்."

"ரயில் இன்னிக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு," என்றாள் அக்கா, போனை நீட்டி. "பாருங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

நர்ஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு ரயில் நிலையத்தின் பெரிய கடிகாரத்தைக் காட்டினாள். இரண்டிலும் ஒரே மணி. அக்கா அப்போதும் விடவில்லை. "ரெண்டுமே தப்பா இருக்கும்" என்று வாயெடுத்தாள். அதற்குள் எதிரே இருந்த ஆலையில் சங்கு ஊதியது. வேலை தொடங்கும் சங்கு. அதுவும் பெரிய கடிகாரத்தின் பக்கம்தான் பேசியது.

அக்கா நீட்டிய போனை இறக்கினாள்.

ரயிலும் ஆலையும் நர்ஸின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை. அவை மூன்றும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்ல வழியே இல்லை. ஆனால் தன் மூன்று சாட்சிகள்? போனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவளே. அறிவிப்பு யாரைக் கேட்கிறது? வாசலை. வாசல் யாரைக் கேட்கிறது?

"ஐயையோ," என்றாள் அக்கா, மைக் தேவைப்படாத குரலில். "மூணும் ஒரே வீட்டு ஆளுங்க!"

நர்ஸ் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி நின்றாள். அக்கா ஓடிப்போய் டிரைவர் பக்கத்து ஜன்னலைத் தட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க எங்கயும் நிக்கலீங்க. நான்தான் உங்களை நிறுத்தி வச்சிருக்கேன்."

"ஏறு. திரும்பிப் போற வண்டிக்கும் நேரமாச்சு," என்றார்.

திரும்பும் வழியிலேயே கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு டிரைவர் சீட்டு வரைக்கும் கேட்டது.

"அக்கா, இது ரெண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பார்த்து மணி கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கிற கதை. அவங்களுக்குள்ள சண்டையே வராது. ஊரு மட்டும் கெட்டுப்போகும்."

"சிரிச்சது போதும், வழியைச் சொல்லுங்க. மத்தியானம் விசாரணை."

அவர் சொன்னார். அவள் போனைச் சார்ஜர் கேபிளால் அறிவிப்புக் கம்ப்யூட்டரில் சொருகினால் இன்டர்நெட் கிடைத்துவிடும். ஒன்றுக்கொன்று உறவில்லாத நாலு சர்வர்களின் முகவரியைச் சேர்க்க வேண்டும். "ஒண்ணு பொய் சொன்னாலும் மத்த மூணும் காட்டிக் கொடுத்துடும்." ஆனால் க்ரோனியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டக் கூடாது. ஓட்டினால் மணி ஒரே தாவாகத் தாவிவிடும். தாவுகிற இடைவெளியில் இருக்கிற அறிவிப்பெல்லாம் விட்டுப்போகும். "ஓடிக்கிட்டு இருக்கும்போதே சேருங்க. அப்ப அது தாவாது. கொஞ்சம் வேகமா நடந்து, ஒரு மணி நேரத்துக்குள்ள சரியான மணியைப் போய்ப் பிடிச்சுக்கும். எவ்வளவு பின்னால இருக்குன்னு கேட்டா நொடிக் கணக்கா சொல்லும். அது குறைஞ்சுக்கிட்டே வர்றதை உங்க கண்ணாலயே பார்க்கலாம்."

அலுவலகத்துக்கு வந்ததும் போனைச் சொருகினாள். கட்டளைகளையும் அடித்து வைத்தாள். எண்டரை மட்டும் அமுக்கவில்லை. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"ஒரே தள்ளாத் தள்ளிவிடும்மா. அதிகாரி வர்றதுக்குள்ள."

"தள்ளினா சளி வண்டிக்கு அறிவிப்பே வராது சார்."

"நானே போய்க் கத்தறேன் சளி வண்டிக்கு! மணி சரியாயிட்டா யாருக்கு என்ன தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது சார். அதான் பயமா இருக்கு. மணி சரியாயிடும், என் வீட்டுக்காரர் மட்டும் தப்பா நிப்பார்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாரு. அந்த முகவரியை மாத்தினது நீ. அது வெளிய வந்தா உன் சீட்டும் ஆடும், என் சீட்டும் ஆடும். ஆமைக்கு வேற வழித்தடம் நான் வாங்கித் தர்றேன்."

அக்கா எழுந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், மேனேஜர் கைக்கு எட்டாதபடி.

"ஆடட்டும் சார். மைக்கு இல்லாமலும் நான் கத்துவேன், உங்களுக்கே தெரியும்."

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேசுவதற்கு முன்னால் அதை எடுத்து மாட்டிக்கொள்வார். டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குட்டி பின்னால் நின்று வாசலை மறைத்தான். அதிகாரி புகார்க் கடிதங்களைப் புரட்டினார்.

"வண்டி நேரத்துக்கு வாசலைத் தாண்டியிருக்கு. நேரத்துக்குப் போய்ச் சேரல. இதுக்கு உங்க பதில் என்ன?"

"நான் எங்கயும் நிக்கல மேடம்," என்றார் டிரைவர். அவ்வளவுதான் சொன்னார்.

"நான் சொல்றேன் மேடம்," என்றாள் அக்கா. "முதல்ல உங்க கைக்கடிகாரத்தைப் பாருங்க. அப்புறம் அந்தத் திரையைப் பாருங்க."

அதிகாரி இரண்டையும் பார்த்தார். "ஆமா, கொஞ்சம் பின்னால இருக்கு. அதான் ஓடி வர்றவங்களுக்காக நீங்க வைக்கிற சலுகையாச்சே. நான் படிக்கிற காலத்துலயே தெரியும்."

"அந்தச் சலுகையை நான் ஒழிச்சு எவ்வளவோ நாளாச்சு. இது சலுகை இல்ல மேடம், என் தப்பு." கேபிள் அறுந்ததிலிருந்து சிவப்புப் புள்ளி வரை ஒன்று விடாமல் சொன்னாள். மேனேஜர் ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப வெளியில இருக்கிற நாலு பேரைக் கேக்கப் போறேன். நீங்களே பாருங்க."

எண்டரை அமுக்கினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு நாலு சர்வர்களும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. அக்கா நிலவரம் கேட்கும் கட்டளையை அடித்தாள். கம்ப்யூட்டரின் மணி உண்மையான மணியைவிட இருநூற்று நாற்பது நொடிக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது என்று திரையில் வந்து நின்றது.

"நாலு நிமிஷம்," என்றார் அதிகாரி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

"நாலு நிமிஷம் மேடம். அவர் தினமும் இந்த மணிக்குத்தான் கிளம்பறார். கிளம்பும்போதே நாலு நிமிஷம் லேட்டு. வழியில ஒரு நொடியும் போகல."

அதிகாரி லேசில் மடங்கும் ஆள் இல்லை. "இன்னிக்கு நாலு நிமிஷம், சரி. போன மாசமும் இப்படித்தான் இருந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

பதில் டிரைவரிடமிருந்து வந்தது.

"மேடம், முதல்ல புகார் குடுத்தவங்க ஓட வேண்டியிருக்குன்னு எழுதினாங்க. அப்புறம்தான் சில நாள் ரயில் போச்சு. இப்ப தினமும் போகுது. நான் வழியில நின்னு ஆளேத்தறவனா இருந்தா முதல் நாளே முழுசா நின்னிருப்பேன். மேடம், கொஞ்சம் கொஞ்சமா நிக்க யாருக்கும் தெரியாது."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஒரு வாரத்துக்கு அவர் பேசுகிற பேச்சு அது.

அதிகாரி கடிதங்களை மறுபடி வரிசையாகப் புரட்டினார். முதல் கடிதத்தின் தேதியை மேனேஜரிடம் காட்டினார். "ரோடு தோண்டினது எப்போ?" மேனேஜர் சொன்னார். அதற்குப் பிறகுதான் முதல் கடிதமே வந்திருந்தது.

"கணக்கு ஒத்து வருது," என்றார் அதிகாரி. "ஆனா ஒத்து வர்றதை மட்டும் வச்சு நான் எழுத முடியாது. நாளைக்குக் காலையில சரியான மணிக்கு வண்டி கிளம்பட்டும். நானே அதுல போறேன். ரயிலைப் பிடிச்சா புகார் தள்ளுபடி. பிடிக்கலன்னா பணிமனைதான்." பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்க செஞ்ச தப்பையும் எழுதுவேன். நீங்களே சொன்னீங்கன்னும் எழுதுவேன். மேனேஜர், அந்தக் கேபிள் நாளைக்குள்ள வரணும்."

திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. இருநூற்று முப்பது. இருநூற்று இருபது. அறிவிப்பின் மணி விரசாக நடந்து தன் கடனை அடைத்துக்கொண்டிருந்தது, வாசல் மணியும் பின்னாலேயே கூட நடந்தது. ஒரு அறிவிப்புகூட விட்டுப்போகவில்லை. சளி வண்டியும் மூக்கடைத்தபடியே நேரத்துக்குக் கிளம்பியது.

சலுகையை நம்பிக்கொண்டிருக்கும் ஊருக்கு யார் சொல்வது? அக்கா பதிவை நிறுத்திவிட்டு, பழைய மைக்கை எடுத்துத் தூசு தட்டினாள்.

"பயணிகள் கவனத்துக்கு. நிலையத்தின் மணி இத்தனை நாளாக நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. தவறு என்னுடையது. ஸ்டேஷன் பேருந்தின் டிரைவர்மேல் எந்தத் தவறும் இல்லை. நாளை முதல் எல்லாப் பேருந்தும் சரியான மணிக்குப் புறப்படும். சலுகை கிடையாது. நேரத்தோடு வந்து சேருங்கள். திரும்பவும் சொல்கிறேன், டிரைவர்மேல் எந்தத் தவறும் இல்லை."

"திரும்பவும் சொல்கிறேன்" என்பதை நாலு தடவை சொன்னாள். டீக்கடையில் நின்ற டிரைவர்கள் கை தட்டினார்கள். ஒருவன் கத்தினான்: "அண்ணே, புருஷனை இப்படி மைக்குல பாராட்டற பொண்டாட்டி உலகத்துலயே உனக்கு மட்டும்தான்!" ஆமை தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் காலை இரண்டு திரைகளிலும் பச்சைப் புள்ளி. வெளியே நாலு பேர் சொல்லும் மணியோடு ஒரு நொடியின் சின்னத் துண்டுகூடப் பிசகவில்லை. அதிகாரி முன் சீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு வந்தது, வண்டி கிளம்பியது. அறிவிப்பை நம்பாத ஏழெட்டுப் பேர் சலுகையைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஆமை நிற்கவில்லை.

அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேசையைத் துடைத்தாள், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். இப்போது பாலத்தில் இருப்பார்கள். இப்போது ஆலையை நெருங்கியிருப்பார்கள். போன் அடித்தது. எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா!" குட்டியின் குரல் உள்ளே புகுந்து காதைக் கிழித்தது. "வந்துட்டோம்! ரயில் இன்னும் வரவே இல்லக்கா! எல்லாரும் நடந்து போறாங்க, நடந்து! நர்ஸம்மா கடையில நின்னு பிஸ்கட் வாங்கறாங்க! மேடம் அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கறாங்க, புகார் தள்ளுபடின்னு!"

"அவர் என்ன சொல்றார்?"

அந்தப் பக்கம் ஏதோ உரசல். பிறகு அவர் குரல், அவசரமே இல்லாமல்.

"ரயில் இப்பதான் உள்ள வருது. கேக்குதா?"

கேட்டது. தண்டவாளம் அதிர்வதும், பிரேக் பிடிக்கும் நீண்ட கிறீச்சலும், கதவுகள் திறப்பதும் எல்லாம் கேட்டன. அக்கா போனை மைக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பிடித்தாள். பேருந்து நிலையம் முழுக்க, ஒவ்வொரு மேடையிலும், அந்த ரயில் வந்து நின்றது.